மூக்கடைப்பு

மத்தோசின்யுஷில் மூன்று வாரமாக மழை.
சுவரில் பூஞ்சை என் தோள் உயரம் வந்துவிட்டது.
காப்பகத்தில் கையெழுத்துப் போட்டு
காலணிப் பெட்டியில் தூக்கிவந்தேன்.
கரோசு என்று பெயர் வைத்தேன்.
பீச் பழத்தின் கொட்டை என்று அர்த்தம்;
கையில் வைத்தால் அப்படித்தான் இருந்தது.

முதல் நாள் ஒரு தும்மல்.
சிரித்துவிட்டேன்.
பொம்மைக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி.
மறுநாள் பதினெட்டு வரை எண்ணினேன்,
அப்புறம் எண்ணப் பிடிக்கவில்லை.
மூன்றாம் நாள் காலையில்
இடது கண்ணைப் பீளை ஒட்டிவைத்திருந்தது,
யாரோ அவசரத்தில் பசை தடவி மூடிய உறை போல.

அறுநூற்றுப் பத்து கிராம் என்றாள் டாக்டர் ஒடேட்,
தராசிலிருந்து கண்ணெடுக்காமல்.
"காப்பகத்தில் நாற்பது பூனைக்கும் ஒரே காற்று.
வைரஸ்தான். வீடு மாறின கலக்கத்தில் தலைதூக்கியிருக்கு.
போய்விடும். முழுசாகப் போகாது.
ஏதோ ஒரு நரம்பில் சுருண்டு படுத்துக்கொள்ளும்,
எப்போது மனசு கெட்டாலும்
எழுந்துவந்து தும்மும்."
தலையாட்டினேன்.
அந்த ரகத்தில் ஒன்றிரண்டு என்னிடமும் உண்டு.

வெதுவெதுப்பான நீரில் பஞ்சு நனைத்து
மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகக் கண் துடைப்பது.
மருந்து கொடுத்தபின் தொண்டையில் தங்காமலிருக்க
ஒரு மிடறு தண்ணீர்.
குளியலறைக் கதவைச் சாத்தி வெந்நீரைத் திறந்துவிட்டு
தரையில் இருவரும் உட்கார்ந்திருப்பது,
இந்த மாதத்து கேஸ் சிலிண்டர்
கண்ணெதிரே ஆவியாகப் போவதைப் பார்த்துக்கொண்டு.

எல்லாம் செய்தேன். அது சாப்பிடவில்லை.
வாசம் தெரியாத பூனைக்கு
சாப்பாடு சாப்பாடே இல்லை,
தட்டில் யாரோ மறந்துபோன ஒரு பொருள்.
சுற்றிப்போய்ப் படுத்துக்கொண்டது.
விலா எலும்பை விரலால் எண்ணலாம்.
அதே கூண்டிலிருந்த சாம்பல் நிறத்துக் குட்டி
செவ்வாய்க்கிழமை போய்விட்டதாம்.
ஒடேட் போனில் சொன்னாள்,
பிறகு குரலை மாற்றிக்கொண்டு:
"நாற்றமாக ஏதாவது கொடேன். சூடாக.
நல்லா நாறணும்."

பதினோரு வருஷமாக நான் டப்பா மீன் ஆலையில்
மத்தித் தலை கிள்ளுகிறேன்.
வேலை முடிந்ததும் எலுமிச்சை, சோடா உப்பு,
சில நாள் காப்பித்தூள்,
நகக்கண் எரிய எரியத் தேய்ப்பேன்.
பேருந்தில் கை கோட்டுப் பைக்குள்ளேயே இருக்கும்.
அமாதேயு என்னோடு இருந்தபோது
ஒரு வார்த்தை சொன்னதில்லை.
இரவில் எழுந்து ஜன்னலைத் திறப்பான்.
ஜனவரியில்.

அந்த வியாழன் எந்திரம் மக்கர் செய்து
நாற்பது நிமிடம் தாமதம்.
ஏழு மணிக்கு மருந்து. கழுவாமலே ஓடினேன்.
பேருந்தில் ஒரு பையன் இருக்கை மாறினான்; மாறட்டும்.
கோட்டைக் கழற்றாமல்
துண்டுக்குள் கைவிட்டுத் தூக்கினேன்.

முதலில் ஒன்றுமில்லை.
பிறகு மூக்குத் துளையில் சளி
குமிழியாக ஊதி, உடைந்தது.
தலை திரும்பியது, ஒரு கண்ணோடு,
வானொலியில் நிலையம் தேடுகிறவர்கள் திருப்புவது போல
கொஞ்சம் கொஞ்சமாக.
கட்டைவிரலை நக்கியது.
உப்புத்தாள் நாக்கு.
நகத்தடியில் ஒட்டியிருந்த ஒரு செதிளை
எடுக்கமுடியாமல் எடுக்கமுடியாமல்
எடுத்து
விழுங்கியது.

நான் அசையவில்லை.
கோட்டிலிருந்து மழை என் முழங்காலில் சொட்டியது.
கால் மரத்துப்போனபின்தான் எழுந்து
அரை மத்தியை வாணலியில் காட்டினேன்.
வீடே எழுந்து உட்கார்ந்தது.
வாலிலிருந்து தொடங்கி முள்ளை மட்டும் மிச்சம் வைத்தது,
நிமிர்ந்து, நன்றியென்று ஏதும் இல்லாமல்,
நேராக என் முகத்தில் தும்மியது.

இன்னும் ஒன்பது நாள் மருந்து பாக்கி.
வலது கண்ணும் சிவந்திருக்கிறது, ஒடேட்டிடம் கேட்கவேண்டும்.
என் கழுத்துக்குழியில் தூங்குகிறது;
ஒவ்வொரு மூச்சுக்கும் நுனியில் மெல்லிய விசில்.
ஜன்னல் சாத்தியிருக்கிறது.
அறை முழுக்க மத்தி.